கோர்வெட்டின் என்ஜின் பின்னால் போக ஏன் அறுபது வருஷம் ஆனது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது செவ்ரோலெட் கோர்வெட். 1953-இல் பிறந்த அந்த காரின் என்ஜின் 2019 மாடல் வரை பானெட்டுக்கு அடியில்தான் இருந்தது. 2020 மாடலில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கார் பித்து பிடித்த நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

சி1, சி8 என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

தலைமுறைக் கணக்கு. 1953-இல் வந்தது சி1. இப்போது ஓடுவது சி8. எட்டு தலைமுறைக்கும் பெயர் ஒன்றுதான். கோர்வெட் என்பது ஒரு வகைச் சிறிய போர்க்கப்பலின் பெயர்.

முதல் கார் எப்படி வந்தது?

ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் ஆசையில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் ஐரோப்பாவின் சின்ன இரண்டு சீட்டு கார்களை விரும்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று அவர் கிளம்பினார். 1953 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த மோட்டோரமா கண்காட்சியில் மாதிரியை வைத்தார்கள். கூட்டம் மொய்த்தது. ஜூன் 30-ஆம் தேதியே மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் முதல் கார் வெளியே வந்துவிட்டது. ஐந்தரை மாதம்தான்!

அந்த அவசரத்துக்கு ஒரு விலை இருந்தது. இரும்புத் தகட்டில் உடல் அடிக்க அச்சு செய்யவே நாள் பிடிக்கும், செலவும் அதிகம். அதனால் கண்ணாடி நார், அதாவது ஃபைபர் கிளாஸ். நம் கடற்கரையில் ஃபைபர் படகு செய்வதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை புரியும்: அச்சின் மேல் நார் விரிப்பு, அதன் மேல் ரெசின். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. இரும்பு உடம்பு என்றால் விளக்குகளுக்கு பாடி எர்த் தானாகக் கிடைக்கும். ஃபைபரில் மின்சாரம் ஓடாதே! ஒவ்வொன்றுக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. அதே குணம் இன்னொரு இடத்தில் வசதியாகவும் போனது. ரேடியோ அலையை ஃபைபர் தடுக்காது என்பதால் ஆன்டெனாவை டிக்கி மூடிக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள்.

முதல் வருஷம் மொத்தம் 300 கார். எல்லாம் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. விலை 3,498 டாலர். இரண்டு டாலர் குறைத்த அந்த பாட்டா விலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த கார் நன்றாக ஓடியதா?

பார்க்க நன்றாக இருந்தது. பானெட்டைத் திறந்தால் 150 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் என்ஜினும், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கும்தான் இருந்தன. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வந்தவருக்கு இது போதாது. சொகுசு கேட்டவருக்கு மழையில் ஒழுகும் காரும் பிடிக்கவில்லை. 1954-இல் 3,640 கார் செய்தார்கள், அதிலும் நிறைய விற்காமல் நின்றன. 1955-இல் 700 மட்டுமே. அதே வருஷம் ஃபோர்டு இறக்கிய தண்டர்பேர்டு 16,000-க்கு மேல் விற்றது.

கோர்வெட்டை மூடிவிடலாம் என்ற பேச்சு கம்பெனிக்குள் பலமாக அடிபட்டது. போட்டியாளர் ஜெயிக்கும் நேரத்தில் மூடினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உள்ளிருந்து ஒருவர் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். தண்டர்பேர்டு என்ற எதிரி வந்திருக்காவிட்டால் கோர்வெட் மூன்று வயதில் செத்திருக்கும் என்பது என் எண்ணம். 1955-இல் 195 குதிரைத்திறன் தரும் வி8 என்ஜின் (V வடிவில் எட்டு சிலிண்டர்) உள்ளே வந்தது. உயிரும் வந்தது.

குறிப்பு எழுதிய அந்த ஒருவர் யார்?

ஸோரா ஆர்கஸ்-டண்டோவ். இந்தக் கதையின் நாயகன் அவர்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1909-இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் படித்தார். நாஜிகள் பிரான்சைப் பிடித்தபோது தப்பி அமெரிக்கா வந்தார். தம்பி யூராவுடன் சேர்ந்து ஃபோர்டு வி8 என்ஜினுக்கு வேகம் கூட்டும் சிலிண்டர் ஹெட் செய்து விற்றார். ஆர்கஸில் பாதி, டண்டோவில் பாதி சேர்த்து ‘ஆர்டுன்’ என்று அதற்குப் பெயர். 1953 மோட்டோரமாவில் கோர்வெட்டைப் பார்த்தார். தோற்றத்தில் மயங்கிப்போனார், உள்ளே இருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். செவ்ரோலெட்டுக்குக் கடிதம் போட்டார், மே மாதமே வேலையில் சேர்ந்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிய இன்னொரு குறிப்பு கார் உலகில் பிரபலம். இளைஞர்கள் ஃபோர்டு என்ஜினைக் கழற்றிப் பூட்டி விளையாடி ஃபோர்டு ரசிகர்களாகவே வளர்கிறார்கள், அவர்களை இழுக்க நாமும் வேகத்துக்கான பாகங்களைக் கடையில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியதோடு விடவில்லை. புளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் தானே ஸ்டியரிங்கைப் பிடித்து மணிக்கு 150 மைலைத் தாண்டிக் காட்டினார். நம் கணக்கில் 240 கிலோமீட்டருக்கு மேல். 1957-இல் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது 283 கன அங்குல என்ஜினிலிருந்து 283 குதிரைத்திறன் கிடைத்தது. கன அங்குலத்துக்கு ஒரு குதிரை!

பந்தயத்தில் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள், தடுக்கவும் பட்டார்கள். 1957-இல் அமெரிக்க கார் கம்பெனிகள் கூடி, இனி பந்தயத்துக்கு ஆதரவு தருவதில்லை என்று முடிவெடுத்தன. டண்டோவ் சும்மா இருக்கவில்லை. 1963-இல் கிராண்ட் ஸ்போர்ட் என்ற எடை குறைந்த பந்தய கோர்வெட்டை 125 செய்யத் திட்டம் போட்டார். மேலிடத்துக்குத் தெரிந்ததும் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள்.

தனியார் குழுக்களுக்கு அந்தத் தடை இல்லை. 1960-இல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற செல்வந்தர் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று கோர்வெட்டுகளை அழைத்துப் போனார். கடைசி மணி நேரங்களில் அதில் ஒரு காரின் என்ஜின் தண்ணீர் போய்க் கொதித்தது. இடையில் நினைத்தபோது தண்ணீர் ஊற்ற விதியில் இடமில்லை. குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐஸ் கட்டியை அள்ளி வந்து என்ஜினைச் சுற்றி அடைத்தார்கள். கார் மெல்ல ஊர்ந்து போய்ச் சுற்றி வரும், மறுபடி ஐஸ். அப்படியே ஓட்டி முடித்து, தன் பிரிவில் முதலிடம், மொத்தத்தில் எட்டாமிடம்.

என்ஜினைப் பின்னால் வைத்தால் என்ன லாபம்?

மழைக்காலத்தில் காலி லாரியின் பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும். அதே லாரி லோடோடு வந்தால் பிடித்துக் கிளம்பிவிடும். சக்தி போகும் சக்கரத்தின் மேல் எடை உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம். என்ஜின் சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருந்தால் சுமார் அறுபது சதவீத எடை பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. கனமான பொருள் காரின் நடுவுக்கு வருவதால் வளைவில் திரும்புவதும் சட்டென்று நடக்கும். சி8-இல் ஓட்டுபவர் முந்தைய காரைவிட 42 சென்டிமீட்டர் முன்னால் உட்காருகிறார். எதிரே நீளமான பானெட் இல்லாததால் சாலை காலடியிலிருந்தே தெரியும்.

டண்டோவுக்கு இது தெரியாதா? பிறகு ஏன் அறுபது வருஷம்?

தெரியாமலா! 1960-இலேயே செர்வ் 1 என்ற ஒற்றை சீட்டு வண்டியை என்ஜின் பின்னால் இருக்கும்படி செய்துவிட்டார். 1964-இல் செர்வ் 2, அதில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனது. 1970-இல் எக்ஸ்பி-882 என்ற மாதிரி நியூயார்க் கண்காட்சிக்கே வந்தது. பிறகு நான்கு ரோட்டர் வான்கெல் என்ஜினோடு (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர்) ஒன்று. அதுவே ஏரோவெட் ஆகி, 1980-இல் விற்பனைக்கு விட ஒப்புதல் வரை போனது. அப்புறம் கைவிடப்பட்டது. 1975 தொடக்கத்தில் டண்டோவ் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

காரணம் பொறியியல் இல்லை, கணக்குப் புத்தகம். இருக்கும் கார் நன்றாக விற்கும்போது புதிதாகத் தொழிற்சாலையை மாற்றி எதற்குப் பணம் போட வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் வந்த கேள்வி. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. புகைக் கட்டுப்பாடு வந்தபின் 1975-இல் அடிப்படை மாடலின் திறன் 165 குதிரைக்கு இறங்கியிருந்தது. ஆனால் 1979-இல் 53,807 கோர்வெட் செய்தார்கள், அதுதான் சாதனை. காரின் வேகம் குறைந்திருந்த காலத்தில்தான் விற்பனை உச்சிக்குப் போனது. இந்தக் கணக்கைப் பார்க்கும் முதலாளி என்ஜினை இடம் மாற்றச் சம்மதிப்பாரா?

இன்னொரு முறை, சி7-ஐயே அப்படிச் செய்யலாம் என்று ஆரம்பித்தார்கள். 2008-இன் பொருளாதாரச் சரிவு வந்தது, 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு போட்டது. திட்டம் பெட்டிக்குள் போனது.

1983 கோர்வெட் ஏன் எங்குமே இல்லை?

சி4 தயாராகத் தாமதம். 43 சோதனை கார்கள் செய்து பார்த்தார்கள், விற்பனைக்கு வந்தது 1984 மாடலாகத்தான். 43-இல் ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் நொறுக்கிவிட்டார்கள். மிஞ்சிய வெள்ளை கார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லாரி ஸ்பிரிங் போட்ட கார் என்று கிண்டல் செய்கிறார்களே?

1963 முதல் சி7 வரை பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் இருந்தது உண்மை. சி4-இலிருந்து முன்னாலும் அப்படித்தான். ஆனால் லாரியில் இருப்பது அடுக்கடுக்கான இரும்பு. 1981-இலிருந்து கோர்வெட்டில் வந்தது ஒற்றை ஃபைபர் பட்டை. இருபது கிலோவை ஒட்டி இருந்த பாகம் நாலு கிலோவுக்குள் அடங்கியது. கிண்டல் செய்பவர்களுக்கு சி5-இன் தரையைப் பற்றிச் சொல்லுங்கள்: இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே பால்சா மரம்! எடையும் கம்மி, இரைச்சலும் அதிர்வும் அடங்கும். மலிவான பொருளை புத்தியோடு போடுவது இந்த காரின் பழக்கம். சி8-இல் சாதாரண காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது.

சி8-க்கு கடைசியில் எப்படித்தான் சம்மதம் கிடைத்தது?

முன்பக்க என்ஜின் தன் எல்லைக்கு வந்துவிட்டது. கடைசியாக வந்த சி7-இன் உச்ச மாடலான இசட்ஆர்1-இல் 755 குதிரைத்திறன். அவ்வளவையும் பின் டயரால் தரைக்கு இறக்க முடியவில்லை. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் உயர்ந்து பானெட்டைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது, அதற்கு மேல் உயர்த்தினால் சாலை தெரியாது. தலைமைப் பொறியாளர் டாட்ஜ் ஜெக்டரின் குழுவுக்கு வேறு வழி இல்லை என்று காட்டுவது இப்போது சுலபமாகிவிட்டது.

ரகசியமாக எப்படிச் சோதித்தார்கள்?

முதல் சோதனை வண்டிக்கு ‘பிளாக்ஜாக்’ என்று பெயர். கோர்வெட் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் யூட் போல, பின்னால் தொட்டி வைத்த குட்டி பிக்கப் உருவத்தை மேலே மாட்டினார்கள். சரக்கு வண்டி வேஷத்தில் ஸ்போர்ட்ஸ் கார். 2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியாவின் டஸ்டினில், பழைய வான்கப்பல் கொட்டகையில் அசல் கார் வெளியானது. அந்த ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததால் உற்பத்தி 2020 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

ஃபெராரி மாதிரி கார் எப்படி அந்த விலைக்கு வந்தது?

அறிமுக விலை 59,995 டாலர். 1953-இன் அதே பாட்டா விலை, இந்த முறை ஐந்து டாலர் குறைவு. (இப்போது ஏறிவிட்டது, அது வேறு கதை.) என்னைக் கேட்டால் சி8-இன் பெரிய பொறியியல் சாதனை இந்த எண்தான். 2.9 விநாடியில் மணிக்கு 60 மைல் போகும் காரை காசைக் கொட்டினால் யாரும் செய்யலாம். அதை இந்த விலைக்குள் அடக்குவதில்தான் சாமர்த்தியம்.

எப்படி அடக்கினார்கள்? காரின் நடுவே முதுகெலும்பு போல ஒரு கெட்டியான சுரங்கம் ஓடுகிறது. வாசல்படிகளை உயர்த்தி வலு சேர்க்கும் தேவையை அது குறைத்தது. எலும்புக்கூட்டின் முக்கியமான ஆறு அலுமினிய வார்ப்புகளை இண்டியானாவின் பெட்ஃபோர்டில் தங்கள் சொந்த வார்ப்பாலையிலேயே செய்கிறார்கள். பல துண்டுகளைப் பற்றவைக்கும் இடத்தில் ஒரே துண்டு. உடல் தகடுகள் இன்றும் ஃபைபர் வகைதான். இத்தனைக்கும் நடுவே பின் டிக்கியில் இரண்டு கோல்ஃப் பை வைக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கழற்றும் கூரையையும் அதே டிக்கியில் வைக்கலாம். இத்தாலிய கார்காரர்கள் கோல்ஃப் பைக்காக இவ்வளவு கவலைப்படுவார்களா தெரியவில்லை, அமெரிக்கர்கள் படுகிறார்கள்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். 2025 மாடல் வரை ஏசி பொத்தான்களை இரண்டு சீட்டுக்கும் நடுவே, மதில் மாதிரி நீண்ட ஒரு வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஓட்டும்போது குனிந்து தேட வேண்டியிருந்தது.

கியர் ராடு எங்கே?

இல்லை. எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் மட்டும்தான். கியர் ராடு வைக்க அந்த முதுகெலும்புச் சுரங்கத்தில் ஓட்டை போட வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை, கேட்பவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இதற்கென்று கியர் பெட்டி செய்து தர ஆள் கிடைக்கவில்லை. 1953-இலும் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் இருந்தது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இன்னும் பழைய புஷ்ராட் என்ஜினா?

அடிப்படை மாடலில் ஆமாம். 6.2 லிட்டர் வி8, 490 குதிரைத்திறன், கொஞ்சம் செலவழித்து வேறு சைலன்சர் போட்டால் 495. நீண்ட கம்பிகளால் (அவைதான் புஷ்ராட்) வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் நடுவே ஒளிந்திருப்பதால் என்ஜின் குட்டையாக இருக்கிறது. குட்டை என்ஜினைத் தாழ்வாக உட்கார வைக்கலாம். சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே 4.4 அங்குலம் என்ற 1955-இன் அளவு இன்றும் மாறவில்லை.

சி8-இன் வேகமான வகையான இசட்06-இன் என்ஜின் ஃபெராரியைப் பார்த்துச் செய்ததா?

பார்த்தார்கள், காப்பி அடிக்கவில்லை. போலந்தில் விபத்தில் சிக்கிய ஒரு ஃபெராரி 458-இன் என்ஜினை ஈபேயில் வாங்கிப் பிரித்துப் பார்த்ததை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தங்களுடையதை 5.5 லிட்டராக, டர்போ எதுவும் இல்லாமல் 670 குதிரைத்திறன் தரும்படி செய்தார்கள். நிமிஷத்துக்கு 8,600 சுற்று.

சாதாரண அமெரிக்க வி8-இல் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரியும். இதில் ஒரே நேர்கோடு. கனமான எதிர் எடைகள் குறைவதால் வேகமாகச் சுழலும், இடம் வலம் என்று மாறி மாறி வெடிப்பதால் புகை தடையின்றிப் போகும். அதற்குப் பதிலாக அதிர்வு கூடும். சத்தமும் மாறிவிடும்: பழைய வி8-இன் கடகடப்பு போய் ஒரு கூர்மையான அலறல். பழைய கடகடப்பே எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த அலறலையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த என்ஜின்களை கென்டக்கியின் பௌலிங் கிரீன் தொழிற்சாலையில் கையால் கோர்க்கிறார்கள்.

மின்சார கோர்வெட் வந்துவிட்டதா?

முழு மின்சாரம் இல்லை. முன்சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைத்த இ-ரே வந்தது, மொத்தம் 655 குதிரைத்திறன். விற்பனைக்கு வந்த கோர்வெட்டுகளில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் முதல் கார். 1.9 கிலோவாட் மணி பேட்டரிதான், சார்ஜ் போட வேண்டியதில்லை. 2023 ஜனவரி 17 அன்று, மோட்டோரமாவுக்குச் சரியாக எழுபது வருஷம் கழித்து அறிமுகம் செய்தார்கள்.

அடுத்து இரண்டு டர்போவோடு இசட்ஆர்1: 1,064 குதிரைத்திறன், மணிக்கு 233 மைல், அதாவது 375 கிலோமீட்டர். ஜெர்மனியின் பாப்பன்பர்க் சோதனைத் தடத்தில் அந்த வேகத்தை எட்டியபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் மார்க் ராய்ஸ். இசட்ஆர்1-ஐயும் இ-ரேயையும் சேர்த்து 2025-இல் அறிவித்தது இசட்ஆர்1எக்ஸ், 1,250 குதிரைத்திறன். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை அது 6 நிமிஷம் 49 விநாடியில் சுற்றியது, ஓட்டியவர் கம்பெனியின் பொறியாளர்.

கார்கள் பூமிக்குள் விழுந்தன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2014 பிப்ரவரி 12 விடியற்காலை பௌலிங் கிரீனில் உள்ள தேசிய கோர்வெட் அருங்காட்சியகத்தின் தரை பிளந்து எட்டு கார்கள் உள்ளே போயின. அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை, நிலத்தடி நீர் அரித்து அரித்துக் குகையாகிக் கிடக்கிறது. ஆள் யாரும் இல்லாத நேரம். மூன்று கார்களைச் சரிசெய்தார்கள், மீதி ஐந்தை நசுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அதைப் பார்க்கத்தான் அதிகம் வந்தது!

டண்டோவ் சி8-ஐப் பார்த்தாரா?

இல்லை. 1996 ஏப்ரலில் இறந்துவிட்டார். அவருடைய சாம்பல் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சி8 வெளியே வரும் தொழிற்சாலை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இந்தியாவில் வாங்க முடியுமா?

கடைக்குப் போய் வாங்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. சொந்தமாக இறக்குமதி செய்தால் வரியே காரின் விலையை முழுங்கிவிடும். ஒரு நல்ல மாற்றம் உண்டு: வலது பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் முதல் கோர்வெட் சி8தான். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான் விற்கிறது.